சாய்சதுரத்துக்கு இரண்டே வாசல்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. நாற்பத்தேழு வயதாகியும் லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். தபாலில் பழுப்பு உறை வந்தால் மனைவியைத்தான் பிரிக்கச் சொல்வேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே அவள் சொன்னாள், இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நான் சொல்லப்போகிற அந்த நாளில் நான் பயந்தது பென்சிலால் நானே வரைந்த ஒரு படத்தைப் பார்த்து.

செகந்திராபாத் பக்கம் மல்லாபூரைத் தாண்டி மத்திய அரசின் தொழிற்சாலை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட், வாஷர், கேஸ்கெட் எல்லாம் என் அறையிலிருந்துதான் போகும். ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் நூலில் கட்டி ஒரு அட்டை தொங்கும். ஒரு வாஷர் வெளியே போனாலும் அந்த அட்டையில் எழுதிவிட்டுத்தான் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பழக்கம். எழுதாமல் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த அட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டு ஸ்டோரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போவதாக ஒருநாள் சொன்னார்கள். அதற்கு முன்னால் எங்களில் பதினான்கு பேருக்கு ஆறு வாரப் பயிற்சி. புரோகிராம் எழுதுவது எப்படி என்று அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார்களாம். நான் அந்தச் சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை மனைவியைப் படிக்கச் சொன்னேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். தெலுங்குப் பெண். இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டேன், பேப்பரும் பென்சிலும்தான் என்றார். ஒரு வேலையை மெஷினிடம் கொடுப்பதற்கு முன் அதை ஒவ்வொரு படியாகப் பிரித்து எழுதவேண்டும், பிறகு படமாக வரையவேண்டும், பிறகு அந்தப் படத்தின் மேல் விரல் வைத்து நடந்து பார்க்கவேண்டும். அவ்வளவுதான் என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டீ போடுவதை எழுதச் சொன்னதுதான் முதல் பாடம். என் பக்கத்தில் உட்காருபவர் வெல்டிங் பிரிவுக்காரர், செகந்திராபாத் தமிழர், வாய் சும்மா இருக்காது. அவர் இரண்டே வரி எழுதினார். ஒன்று, கேன்டீனுக்குப் போ. இரண்டு, ஒரு டீ சொல்லு. வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "மெஷினுக்குக் கேன்டீன் தெரியாது. அதுக்கு மூளை கிடையாது. நீங்க சொன்னதைத்தான் செய்யும், சொல்லாததைச் செய்யாது" என்றார். நான் டீக்கு இருபத்தொரு படி எழுதியிருந்தேன். அடுப்பை அணைப்பது அதில் இல்லை. நான் போட்ட டீயில் வீடு எரிந்துபோயிருக்கும் என்று வெல்டிங்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்து வடிவங்கள். தொடக்கமும் முடிவும் முட்டை வடிவம். செய்கிற காரியத்துக்குச் செவ்வகம். கேள்வி கேட்கிற இடத்துக்குச் சாய்சதுரம். அந்தச் சாய்சதுரத்திலிருந்து இரண்டே வாசல், ஒன்று ஆமாம், மற்றது இல்லை. இதை ஏனோ அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாவது வாசல் வைத்து யாராவது வரைந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை வீட்டுப்பாடம் கொடுத்தார். உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையை வரைந்துவர வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடப்பது ஒன்றே ஒன்றுதான். மகளுக்குப் போடும் இன்சுலின் ஊசி.

எங்களுக்கு ஒரே மகள், பத்து வயது. ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. குழந்தைகளுக்கு வரும் வகை அது, உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும். முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இளைத்துக்கொண்டே போனாள், ராத்திரியெல்லாம் தண்ணீர் கேட்டாள், கோடை வெயில் என்று நினைத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு கண் சொருகியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் கிடந்தோம். இன்சுலின் இல்லாமல்தான் இப்படி ஆயிற்று என்று டாக்டர் சொன்னது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ சொன்னார். அளவு அதிகமாகக் கூடாது, சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் மயக்கம் வரும், அதுவும் ஆபத்துதான் என்றார். கேட்டுத் தலையாட்டினோம். ஆனால் பயம் முழுக்க ஒரே பக்கத்தில் இருந்தது. எந்த வேளையும் ஊசி விட்டுப்போகக் கூடாது.

என் மனைவி லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் கிளார்க். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். காலையில் தொழிற்சாலை பஸ் ஆறு ஐம்பதுக்கு முனைக்கு வரும். அதற்குள் பெரும்பாலும் நான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து ஊசி போட்டுவிடுவேன். எனக்கு நேரமாகிவிட்டால் அவள் போடுவாள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் இட்லி. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும், அன்றைக்கு அவள் கீழே குடமும் மோட்டாருமாக நிற்பாள். நான் படியிறங்கிப் போகும்போது அவள் தலையைத் தூக்கி ஒரே வார்த்தை கேட்பாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

மூன்று வருடமாக எங்கள் கைமாற்றல் இதுதான். எழுதியதில்லை, எழுதவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஸ்டோரில் ஒரு வாஷருக்கு அட்டை வைத்திருக்கிறவன் நான்.

மகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் வேலூர்ப் பக்கத்துத் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்வாள். ஆமாம் என்பதற்கு இந்த ஊரில் ஹவ் என்பார்கள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஹவ்தான். பல் தேய்ச்சியா? ஹவ். பிரஷ் காய்ந்து கிடக்கும். ஹோம்வொர்க் முடிச்சியா? ஹவ். நோட்டில் தேதி மட்டும் இருக்கும். அதனால் அவளுக்கு ஹவ் மகாராணி என்று பட்டம் வைத்தோம். அவள் சொல்வதை ஒரு பொருட்டாக நாங்கள் எடுத்துக்கொள்வதே இல்லை. அதை ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை. தண்ணீர் வரும் நாள். ஆறு நாற்பதுக்கு மகளை எழுப்பி உட்காரவைத்து, சர்க்கரை பார்த்து, இடது கையில் ஊசி போட்டேன். பேனா போல இருக்கும் அந்த ஊசியை மூடி, ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் வைத்தேன். வீட்டுப்பாடப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மனைவி இல்லை. மூன்றாவது மாடிக்காரர் தனி மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார் என்று சண்டை போட மேலே போயிருந்தாள். குரல் மட்டும் கேட்டது. முனையில் பஸ் ஹாரன் அடித்தது. மேலே பார்த்து, "மம்மிகிட்ட சொல்லிடு" என்று மகளுக்குக் கத்திவிட்டு ஓடினேன். பஸ் ஏறியதும் எப்போதும்போல் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். எங்கள் தொழிற்சாலையில் போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அணைத்துக் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும்.

வகுப்பு எட்டரைக்கு. என் படத்தைத்தான் டீச்சர் முதலில் கரும்பலகையில் வரையச் சொன்னார். வரைந்தேன். மேலே முட்டை, தொடக்கம். அதன் கீழே சாய்சதுரம், ஊசி போட்டாச்சா? ஆமாம் என்றால் நேரே இட்லி. இல்லை என்றால் சர்க்கரை பார், கையில் ஊசி போடு, பிறகு இட்லி. கடைசியில் முட்டை, முடிவு. படம் அழகாகவே இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

"யார் யார் போடுவீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"நான், இல்லைன்னா என் மனைவி."

"அப்போ இரண்டு பேர் நடக்கணும்" என்று சொல்லி என்னையும் வெல்டிங்காரரையும் பலகைக்கு அழைத்தார். நான் நானாக. அவர் என் மனைவியாக. அவர் உடனே துண்டை முந்தானைபோல் தோளில் போட்டுக்கொண்டார். சிரிப்பு.

நான் விரல் வைத்து நடந்தேன். போட்டாச்சா? இல்லை. சர்க்கரை பார்த்தேன். ஊசி போட்டேன். "எனக்கு பஸ் வந்துடுச்சு, நான் போறேன்" என்று சொல்லி ஓரமாக நின்றேன்.

வெல்டிங்காரர் தொடக்கத்தில் விரல் வைத்தார். சாய்சதுரத்துக்கு வந்து நின்றார். "போட்டாச்சான்னு கேக்குது. எனக்கு எப்படித் தெரியும்? ஆளு பஸ்ஸுக்கு ஓடிட்டாரே" என்றார்.

"படத்தில் எங்காவது எழுதியிருக்கா பாருங்க."

"ஒண்ணும் இல்லையே."

"அப்போ உங்க பதில் என்ன?"

"தெரியலை."

டீச்சர் சாக்பீஸால் சாய்சதுரத்தைத் தட்டினார். "மெஷின்கி தெலியது அனேதி லேது" என்றார். மெஷினுக்குத் தெரியவில்லை என்று ஒன்று கிடையாது. இரண்டே வாசல். ஆமாம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதது எல்லாம் இல்லை என்ற வாசல் வழியாகத்தான் போகும்.

வெல்டிங்காரர் விரல் இல்லை என்ற வழியில் இறங்கியது. சர்க்கரை பார்த்தார். ஊசி போட்டார். "ரெண்டு ஊசி! பொண்ணு அவுட்டு!" என்றார்.

பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் சிரித்தார்கள். பலகையில் இருந்தது படம் இல்லை, எங்கள் வீடு. மனைவி மூன்றாவது மாடியிலிருந்து கோபத்தோடு இறங்கி வருகிறாள். மகள் இட்லித் தட்டின் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஊசி டப்பாவில் மூடித்தான் இருக்கிறது. நான் ஆச்சு என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் தெரியாததெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் போகும், ஏனென்றால் ஊசி விட்டுப்போய்விடுமோ என்பதுதான் எங்கள் பயம்.

சாக்பீஸ் என் கையிலிருந்து விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. "மேடம், நான் வெளியே போகணும்" என்றேன். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

வேலை நேரத்தில் வெளியே போக அதிகாரி கையெழுத்திட்ட பாஸ் வேண்டும். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்ற பியூன் இப்போது முடியாது என்றார். நான் அங்கேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், அத்தனை பெரிய விஷயத்திலும் ஒரு மீட்டிங் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. டீச்சர்தான் என் கையிலிருந்த பாஸ் தாளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தார். காரணம் என்ற இடத்தில் நான் ஊசி என்று மட்டும் எழுதியிருந்தேன்.

கேட்டில் டோக்கனைத் தேடினேன். சட்டைப் பையில் இல்லை. பேன்ட்டில் இல்லை. சாப்பாட்டுப் பைக்குள், டிபன் பாக்ஸின் அடியில் கிடந்தது. போனை வாங்கி உயிர்ப்பித்தேன். அது விழித்து எழுந்துவர அன்றைக்கு ஒரு யுகம் ஆனது. இரண்டு குறுஞ்செய்திகள். என் போன் அணைந்திருந்தபோது மனைவி இரண்டு முறை அழைத்திருக்கிறாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று.

அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன், எங்கேஜ்டு. மணி ஒன்பதேகால். வெல்டிங்காரர் தனக்கும் ஒரு பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு பைக்கோடு வந்து நின்றார். துண்டு இன்னும் தோளிலேயே கிடந்தது. "ஏறுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நாச்சாரம் தாண்டும்போது மனைவி திருப்பி அழைத்தாள்.

"இன்னாங்க, எதுக்கு போனை ஆஃப்ல வெச்சிருந்தீங்க? ரெண்டு வாட்டி அடிச்சேன்."

"ஊசி போட்டியா?"

"போட்டேனே. நீங்க ஒண்ணும் சொல்லாம பூட்டீங்க. சக்கரை பாத்தேன், ஏறித்தான் இருந்துச்சு. சரி, போடல போலன்னு..."

போட்ட ஊசி வேலை செய்ய ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் பார்த்தால் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். இதுகூட எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

"அவகிட்ட கேக்கலையா?"

"கேட்டேன். ஹவ்னா. அவ எதுக்குத்தாங்க ஹவ் சொல்லல?"

வெல்டிங்காரரின் தோளைத் தட்டி, இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். அது அவளுக்கும் கேட்டிருக்கும். பிறகு அவள் ரொம்ப மெதுவாக, "நீங்க போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டுட்டேன்."

"இயேசப்பா" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

ஹப்சிகுடா சிக்னலில் தொண்ணூறு விநாடி சிவப்பு. எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. எனக்கு ஜெபம் செய்யக்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஐந்து நாள் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியின் பச்சை ரெக்சின்தான் கண்ணில் நின்றது.

தார்நாகாவில் பள்ளிக்கூடம். வகுப்பு வாசலில் நின்று மகளைத் தேடினேன். அவள் இடம் காலி. "பாத்ரூம் போயிருக்கா, வந்துடுவா" என்றார் வகுப்பு டீச்சர். எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், முகம் மாறியது.

குடிதண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சட்டை முழுக்க வியர்வை, உதடு வெளுத்திருந்தது. மடியில் ஜாமெட்ரி பாக்ஸ் திறந்திருந்தது. அதில் காம்பஸும் இல்லை, ஸ்கேலும் இல்லை, வரிசையாக அடுக்கிய குளுக்கோஸ் பிஸ்கெட். ஒன்றை வாயில் வைத்திருந்தாள், மெல்ல முடியவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாக்ஸைப் பட்டென்று மூடினாள்.

"டாடி, நேனு தினலேது" என்றாள். நான் தின்னவில்லை என்று. வாய் நிறைய பிஸ்கெட்டோடு.

வெல்டிங்காரர் எதிர்க்கடையிலிருந்து மாம்பழ ஜூஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். குடிக்கவைத்தேன். அவள் பையிலிருந்த மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தேன். எண் ரொம்ப இறங்கியிருந்தது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் ஜூஸ். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன். எண் ஏற ஆரம்பித்திருந்தது. வகுப்பு டீச்சர் அழுகிற நிலையில் நின்றார். "சக்கரை வியாதிப் பிள்ளையாச்சே, இனிப்பு ஆகாதேன்னு போன மாசம் பிஸ்கெட்டைப் பிடுங்கி வெச்சேன் சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இனிப்பு கொடுக்காதீர்கள் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தது நான்தான். எப்போது கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மதியம்வரை கட்டிலில் படுக்கவைத்துக் கவனித்தார். சந்தேகம் வந்தால் போடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்றார். முன்பும் சொல்லியிருப்பார். மனைவி வந்து மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

மகளின் இடது கையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் பால்பாயின்ட் பேனாவால் வைத்த இரண்டு நீலப் புள்ளிகள்.

"இது இன்னா?"

"ஒண்ணு நீங்க. ஒண்ணு மம்மி."

"புரியல கண்ணு."

அவள் தமிழில்தான் சொன்னாள், எங்களுக்குப் புரியவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. "ஊசி போட்டா ஒரு புள்ளி வெப்பேன். ஒண்ணுன்னா ஒண்ணும் பண்ண வேணாம். ரெண்டுன்னா பிஸ்கெட். பிரேயர் முன்னாடி நாலு, பிரேயர் அப்புறம் நாலு. கை ஆடிச்சுன்னா இன்னும் ரெண்டு."

இரண்டு வாரமாக நான் பேப்பரில் கற்றுக்கொள்ளத் திணறியதை அவள் நகத்தில் வரைந்து வைத்திருந்தாள். தொடக்கம், கேள்வி, செயல், மறுபடி கேள்வி.

"அப்பவும் கை ஆடுறது நிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"அது இன்னும் வரல" என்றாள்.

"இன்னும்னா? இதுக்கு முன்னாடி எத்தனை வாட்டி?"

"இதோட மூணு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று. நாங்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து டிவி பார்த்த இரண்டு நாட்களில் இவள் அந்தக் குழாய்க்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து பிஸ்கெட் எண்ணியிருக்கிறாள். எந்த இரண்டு நாட்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நடக்கப்போவதை நினைத்தே வாழ்நாளெல்லாம் பயந்தவன் நான். ஏற்கெனவே நடந்து முடிந்ததை நினைத்து அப்படி நடுங்கியது அன்றைக்குத்தான்.

"ஏண்டி எங்ககிட்ட சொல்லல?" என்றாள் மனைவி.

"சொன்னேனே மம்மி. போட்டாச்சான்னு கேட்டீங்க, ஹவ்னு சொன்னேன். மூணு வாட்டியும் சொன்னேன்."

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்து விரித்தேன். எதைத் திருத்துவது, எங்கே திருத்துவது என்று தெரியவில்லை. மகள் வந்து என் தோள்மேல் சாய்ந்து படத்தைப் படித்தாள். விரல் வைத்து மேலிருந்து கீழே நடந்தாள், மறுபடி மேலே போனாள்.

"இதுல நான் எங்க டாடி?"

நானும் தேடினேன். கேள்வி இருந்தது, சர்க்கரை இருந்தது, இட்லி இருந்தது. கையில் ஊசி போடு என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கைதான் அவள்.

பென்சிலை அவளிடம் கொடுத்தேன். ஊசி போடு என்பதற்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு செவ்வகம் வரைந்து, அதற்குள் ஒரு புள்ளி வைத்தாள். சனிக்கிழமை எனக்கு அரை நாள். ஸ்டோரிலிருந்து வேண்டாம் என்று கழித்துப்போட்ட பழைய அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, துளையில் நூல் கோத்து ஃபிரிட்ஜ் கைப்பிடியில் கட்டினேன். பேனாவும் கட்டினேன். அதில் புள்ளி வைக்கும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. நான் ஊசி போட்டேன், அவள் அட்டையில் புள்ளி வைத்தாள். மனைவி குடத்தோடு மேலே வந்தாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவள் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்து ஆச்சா என்று கேட்கவில்லை. அட்டையையும் பார்க்கவில்லை. குடத்தை இறக்கிவைத்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளுக்கு முன்னால் போய்க் குனிந்தாள்.

"அப்பா ஊசி போட்டாங்களா?"

"ஹவ்."

மேற்கொண்டு மனைவி ஒரு கேள்வி கேட்கவில்லை. இட்லித் தட்டை மகளின் பக்கம் தள்ளிவிட்டு, சட்னி எடுக்கப் போனாள்.